பேருக்கு முன்னால் ஒரு சொல்

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற வயசுக்கு நாம் எல்லாரும் வந்தாயிற்று. அதனால் நம் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பேரனோ பேத்தியோ வெள்ளைச் சட்டை போட்டு, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு கராத்தே வகுப்புக்குப் போகிறதா? என் பேத்தி போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலிகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுக் ‘கட்டா’ பழகுகிறாள். எதிரில் ஆள் கிடையாது. காற்றைத் தட்டுகிறாள், காற்றைக் குத்துகிறாள், திரும்புகிறாள், ஒரு கால் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. ஆளே இல்லாமல் யாரோடு சண்டை என்று அவள் அம்மா கேட்கிறாள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. நாங்களும் அதைத்தான் ஆடினோம், கோரிப்பாளையத்தில், ஜப்பான்காரன் சண்டை நடந்த வருஷங்களில். எங்களுக்கு அது குத்துவரிசை.

அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, வண்டிச் சக்கரப் பட்டறை. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் முற்றம், முற்றத்தை ஒட்டி வீடு. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரட்டி அடுக்கி நெருப்பு மூட்டிப் பட்டையைச் சிவக்க வைப்பார்கள். நாலு பேர் குறடு பிடித்துத் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் பற்றிக்கொள்வதற்குள் சம்மட்டியால் தட்டி உட்கார வைத்து, அப்படியே உருட்டிப்போய்க் கல்தொட்டித் தண்ணீரில் நிறுத்துவார்கள். தண்ணீர் சீறும். ஆவி முகத்தில் அடிக்கும். கருகின கருவேல மரத்தின் வாசம் எங்கள் தலையணைவரைக்கும் வந்துவிடும். வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் பிறந்தவனுக்கு வெல்லம் எப்படியோ, எனக்கு அந்த வாசம் அப்படி.

விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து பட்டறை தொடங்குகிறவரைக்கும் அந்த முற்றம் வாத்தியாருடையது. எங்கள் தெருவுக்கு வரிசை சொல்லிக்கொடுத்தவர். ஒல்லியான மனுஷர். பேச்சும் கொஞ்சம்தான். நான் குத்தும்போது என் கையையே பார்ப்பேன். ‘கையைப் பார்க்காதே, அது எங்கயும் ஓடிப்போகாது’ என்பார். மலேயாவில் கடை வேலைக்குப் போவார், வருவார், கொஞ்ச நாள் ஊரில் இருப்பார், மறுபடி போவார். அப்படிக் கடைசியாகப் போனதற்குப் பிறகு அங்கே ஜப்பான்காரன் நுழைந்துவிட்டான். கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு முந்தின நாள், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, தர்காவுக்குப் பக்கத்துப் பொட்டலில் தெருத்தெருவாக வரிசை ஆடுவார்கள். ஒரு தெருவுக்கு ஓர் ஆள். சலாம் போட்டு இறங்குவான், நீள வரிசை முழுவதையும் ஆடுவான், சலாம் போட்டு நிற்பான். உடனே பேர் கூப்பிடுகிறவர் அவனுடைய வாத்தியார் பேரை ஊர் கேட்கக் கூப்பிடுவார். ஆடினவன் பேரை யாரும் கேட்கமாட்டார்கள். வாத்தியார் உயிரோடு இருந்தால் பேர் மட்டும். மவுத்தாகிவிட்டால் பேருக்கு முன்னால் ‘மர்ஹூம்’ என்று ஒரு சொல் சேரும். அருளை அடைந்தவர் என்று அர்த்தம். அந்தச் சொல் சேர்ந்த வருஷத்தோடு தெருவுக்கு வேறு வாத்தியார் வைத்துக்கொள்வார்கள்.

முந்தின வருஷம் குண்டு விழும் என்ற பயத்தில் ஆட்டமே நடக்கவில்லை. இந்த வருஷம் நடக்கும் என்று ஆனதும், தெருப் பெரியதனக்காரர் வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாத்தியார் மனைவியை நாங்கள் மாமி என்போம். அன்றைக்கு அக்காவும் நானும் மாமி வீட்டில் அரிசி புடைக்க உட்கார்ந்திருந்தோம். அதாவது அக்கா புடைத்தாள், நான் குருணை தின்றேன். பெரியதனக்காரர் வாசலில் நின்று, செருமி, நல்ல விதமாகத்தான் பேசினார். ஒரு தகவலும் இல்லை, எத்தனை நாளைக்கு இப்படி, இந்த வருஷம் பேரோடு அந்தச் சொல்லைச் சேர்த்து ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டால் உனக்கும் ஒரு முடிவு கிடைக்கும், புருஷன் போனவள் வீட்டுக்குள் இருக்கிற நாலு மாசம் பத்து நாள் இத்தாவை இருந்து எழுந்தால் உன் தம்பிமாரும் உனக்கு ஒரு வழி பண்ணுவார்கள் என்றார்.

மாமி கதவுக்குப் பின்னால் நின்றார். கையிலே கண்ணாடி வளையல், கழுத்திலே கருகமணி. சத்தம் போடவில்லை.

“அவுக மவுத்தாப் போனாகன்னு யாராச்சும் வந்து சொன்னாகளா?”

“சொல்லலம்மா.”

“அப்ப நீங்க எதுக்குச் சொல்றீக?”

பெரியதனக்காரர் வழக்கத்தைச் சொன்னார். வாத்தியாரிடமே படித்த ஆள் ஒருத்தன் நீள வரிசையை முழுசாக ஆடினால் பேரை அப்படியே கூப்பிடலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் படித்த பெரிய பையன்கள் எங்கே? சிலர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், சிலர் வெளியூரில் வேலையாய் இருக்கிறார்கள். மேலத்தெருவில் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து ஆடுவதெல்லாம் செல்லாது.

இன்றைக்கு யோசித்தால் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரக்கப்பட்டுத்தான் வந்தார். காத்திருப்பது ஒரு வியாதி, அதை அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். பெரியவர்கள் பல பேர் அப்படித்தான் நினைத்தார்கள், என் அத்தா உட்பட.

அவர் போனதும் அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இவன் ஆடுவான் மாமி” என்றாள். எனக்குக் குருணை புரையேறிவிட்டது.

எனக்கு வரிசை தெரியும், ஆனால் துண்டுதுண்டாக. நடுப்பகுதி நன்றாக வரும். தொடக்கம் என் மாமு மகனுக்கு, அதாவது மச்சானுக்கு வரும். அவன் எப்போதும் ஏதாவது பிசகு பண்ணி, வாத்தியார் அவனை முதலிலிருந்தே ஆடவைத்து, தொடக்கம் மட்டும் அவனுக்குத் தங்கக்கட்டியாக வந்துவிட்டது. முடிவு எங்கள் இரண்டு பேருக்கும் வராது. அது அக்காவிடம் இருந்தது.

அக்கா ஒரு நாளும் வரிசை ஆடினவள் இல்லை. பெண்பிள்ளை. வயசு வந்தபிறகு வாசலுக்கே கிடையாது. ஆனால் மொட்டைமாடியில் மிளகாய் காயவைக்கப் போவாள், வடகம் காயவைக்கப் போவாள், ஒன்றும் காயவைக்க இல்லாவிட்டாலும் போவாள். மேலிருந்து கீழே பார்த்தால் உச்சந்தலையும் பாதமும்தான் தெரியுமாம். யார் யார் எந்த வயசில் வழுக்கை விழுவார்கள் என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள், எல்லாம் பலித்தது. பாதம் எங்கே எங்கே போகிறது என்பதும் அவளுக்கு மனப்பாடம். மாடித் தளத்தில் புளியங்கொட்டையைப் பாதம் பாதமாக வைத்துக் காட்டினாள். இங்கே வலது கால், இங்கே மண்டி, இங்கே சுழல். அதன்மேல் நாங்கள் நின்று பழகினோம். கொட்டை உள்ளங்காலைக் குத்தும்.

அவள் எங்களை வேகமாக ஆட விடவில்லை. மச்சானுக்கு வேகம் பிடிக்கும், விசுக்கென்று சுழன்றுவிட்டு, பார்த்தியா என்பான். அக்கா சொல்வாள்: “வேகத்துல எல்லாரும் அழகாத்தான் இருப்பீக. சோறு ஆற வைக்கிற மாதிரி ஆடு, அப்ப தெரியும்.” மெதுவாக ஆடினால் கால் நடுங்கும். எந்த இடத்தில் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாமல் ஆடியிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும். தொடை எரியும். ஒரு தட்டு, ஒரு வெட்டு, ஒரு அடி பின்வாங்கல், இவ்வளவையே காலை முழுக்க ஆடின நாள் உண்டு. “இதுலயே என்னத்தடா கண்டீக” என்று அம்மா கீழேயிருந்து கேட்பார். மிளகாய் நெடியில் மூக்கு ஒழுக, பதில் சொல்ல எங்களுக்கு மூச்சு இருக்காது.

முடிவுப் பகுதியும் வந்து, மூன்று துண்டையும் சேர்த்து முற்றத்தில் ஆடத் தொடங்கினபோது அத்தா பட்டறைக் கதவில் வந்து நின்று பார்த்தார். மறுநாள் பட்டறையில் மரவேலை பார்க்கிற ஆசாரியிடம் சொல்லி, முற்றத்தில் கிடந்த சக்கரங்களை எல்லாம் பட்டறைக்குள் அடுக்கச் செய்தார். அதுதான் அவர் பேசின பேச்சு. ஆசாரி எங்களைக் கடந்துபோகும்போது, “ஆரக்கால் கோணலா இருந்தா சக்கரம் காட்டிக் குடுத்துரும் தம்பி, முட்டியை நேரா வையி” என்றுவிட்டுப் போனார். அவருக்கு வரிசை தெரியாது. ஆனால் சொன்னது சரி.

பொட்டலில் ஆடப்போவதால் திறந்த இடத்தில் பழக வேண்டும் என்று மச்சான் வைகைக்குக் கூட்டிப்போனான். கோடைக்கு முன்னால் ஆறு நூல் மாதிரிதான் ஓடும், மிச்சம் எல்லாம் மணல். ஈர மணலாகப் பார்த்து நான் சலாம் போட்டு இறங்கி முழுசாக ஆடினேன். ஓரிடத்திலும் பிசகவில்லை. திரும்பிப் பார்த்தால் மச்சான் என்னைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“மாப்ள, அங்க யாருடா நின்னா?”

“எங்கடா?”

“இந்தா, இங்க. நேரா வாரே, வாரே, திடீர்னு ஒருத்தனுக்கு வழி விட்ட மாதிரி ஒதுங்கிப் போறே, மறுபடி கோட்டுக்கு வாரே.”

பார்த்தேன். என் பாதம் பதிந்த தடம் ஒரு கோடாக வந்து, நடுவில் வளைந்து, வெறும் மணலைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கோடாகப் போயிருந்தது. மச்சானை ஆடச் சொன்னேன். அவனும் அதே இடத்தில் வளைந்தான். முற்றத்துத் தரை கட்டாந்தரை, தடம் பதியாது. மணலில்தான் தெரிந்தது.

அந்த வளைவுக்கு எங்கள் தெருவில் பெரிய பேர் உண்டு. மறைகாலடி என்பார்கள். வேல்காரன் குத்தினால் விலகிக்கொள்கிற இரகசிய அடி, வேறு எந்தத் தெருவுக்கும் தெரியாது என்று டீக்கடையில் பெரிய ஆட்கள் பேசிக் கேட்டிருக்கிறோம். அத்தாவே பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்து தடத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மறைகாலடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நம்ம தொட்டிடா. தொட்டியில முட்டிக்கிறாம ஒதுங்குறீக.”

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் கல்தொட்டி. நீள வரிசை நேராகப் போகிற வழியில், குறுக்கே. பிறந்ததிலிருந்து அங்கேயே கிடந்ததால் எங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. வாத்தியார் அதைச் சுற்றித்தான் ஆட முடிந்தது, அதனால் அப்படியே சொல்லிக்கொடுத்தார், நாங்கள் அப்படியே பிடித்துக்கொண்டோம். ஒரு தெரு முழுக்க ஒரு தொட்டியை வித்தை என்று பெருமை பேசியிருக்கிறது.

அன்றைக்குச் சிரிப்பு. மறுநாள் பயம். நேராக ஆடுவதா, ஒதுங்கி ஆடுவதா? மேலத்தெரு வாத்தியாரும் எங்கள் வாத்தியாரும் ஒரே உஸ்தாதிடம் படித்தவர்கள். பிறகு ஏதோ மனத்தாங்கல், பேச்சு இல்லை. என்ன மனத்தாங்கல் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். வாத்தியார் ஊரில் இருந்தவரைக்கும் எங்கள் தெரு ஆட்டத்தை யாரும் சரிபார்த்ததில்லை; இந்த வருஷம் பொட்டலில் வரிசை சரியா என்று சொல்லப்போகிறவர் மேலத்தெரு வாத்தியார்தான். உஸ்தாதின் வரிசை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஒதுங்கினால் தப்பு என்று சொல்லிவிடுவார், அதோடு மாமியின் காதில் அந்தச் சொல் விழுந்துவிடும். நேராக்கிவிடு என்றான் மச்சான். அக்காவும் நேராகத்தான் என்றாள். நேராக ஆடிப் பார்த்தேன். அழகாக இருந்தது. மூச்சு முட்டவில்லை, அடுத்த வெட்டு தானாக வந்து விழுந்தது. மேலத்தெருவில் எப்படி ஆடுவார்களோ அப்படித்தான் இருந்தது.

அதுதான் எனக்கு உறுத்தியது. மாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியையும் சொன்னேன். மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“நேரா ஆடுனா நல்லாருக்கா?” என்றார்.

“நல்லாருக்கு மாமி.”

“அவுக உனக்கு எப்புடிச் சொல்லிக் குடுத்தாக?”

“ஒதுங்கித்தான்.”

மாமி மீனைத் திருப்பிப் போட்டார். “அப்ப ஒதுங்கியே ஆடு. தப்புன்னா அவுக தப்பா இருக்கட்டும். அவுகளைத் திருத்துறதுன்னா அவுக வந்ததும் நான் திருத்திக்கிறேன், நீ திருத்த வேணாம்.”

அடுத்த நாளிலிருந்து ஒதுங்குகிற அடியை மட்டும் பழகினேன். அக்கா அதையும் விடவில்லை. “ஒதுங்குறதுன்னா பயந்து ஒதுங்காதே, தொட்டி அங்கே இருக்குன்னு நெனைச்சு ஒதுங்கு” என்றாள். நான் தொட்டியை நினைத்துக்கொண்டேன். அதன் விளிம்பில் பாசி, மிதக்கிற மரத்தூள், தண்ணீரின் குளிர்ச்சி. வெறும் மணலில் அதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

பொட்டலில் அன்றைக்கு நல்ல கூட்டம். ஆற்றுக்குத் தெற்கேயிருந்தும் வந்திருந்தார்கள். பொரிகடலைக்காரர்கள், ஊதுபத்திப் புகை, நகரா மேளம். பெண்கள் ஒரு பக்கம் வெள்ளைத் துப்பட்டியில் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள், அதில் மாமி எது, அக்கா எது என்று தெரியவில்லை. மேலத்தெரு வாத்தியார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, மருதாணி போட்டுச் சிவந்த தாடி. எங்கள் தெருக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்ட அவர் பேரைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள்.

எங்கள் தெரு முறை வந்தது. சின்னப் பையன் இறங்குவதைப் பார்த்துக் கூட்டத்தில் சிரிப்பு. பட்டறைக்காரர் வீட்டு இட்லிப் பானை நடந்து வருகிறது என்று எவனோ சொன்னான். சலாம் போட்டேன். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு கூட்டம் எனக்குக் கேட்கவில்லை. சோறு ஆற வைக்கிற மாதிரி தொடங்கினேன். தட்டு, வெட்டு, மண்டி. முட்டி நேராக. கையைப் பார்க்கவில்லை. அந்த இடம் வந்தது. ஒதுங்கினேன்.

மேலத்தெரு வாத்தியார் கட்டிலைவிட்டு எழுந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஆடி முடித்தேன். சலாம் போட்டேன். பேர் கூப்பிடுகிறவர் மேலத்தெரு வாத்தியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலத்தெரு வாத்தியார் நடந்து என் பக்கத்தில் வந்தார். அவர் மேல் அத்தர் வாசம்.

“அங்கிட்டு ஏன்டா ஒதுங்குனே?”

மறைகாலடி என்று சொல்லடா என்று எங்கள் தெரு ஆட்கள் பின்னாலிருந்து கையைக் காட்டினார்கள். எனக்குப் பொய் வரவில்லை.

“அங்க தொட்டி இருக்கு.”

பொட்டலே சிரித்தது. எங்கள் தெருப் பெரிய ஆட்கள் தலையைக் குனிந்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எந்தத் தொட்டி என்று கேட்டார். பட்டறைத் தொட்டி, அங்கேதான் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார் என்றேன். என் தலையில் கையை வைத்தார். கனமான கை. பிறகு பெரியதனக்காரர் பக்கம் திரும்பிப் பேசினார்.

“எங்க உஸ்தாது சொல்லிக் குடுத்தது நேராத்தான் போகும். என்கிட்டப் பார்த்துப் படிச்சிருந்தா இவனும் நேராத்தான் போயிருப்பான். இவன் ஒதுங்குறான். அந்த முத்தத்துல, அந்தாளு கையால படிச்சவன் தவிர இப்புடி ஆட ஒருத்தனும் கிடையாது. வரிசை முழுசு. கூப்பிடுங்கய்யா பேரை.”

பிறகு, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது: “முன்னாடி எதையும் சேக்காதீக.”

பேர் கூப்பிடுகிறவர் மூச்சை இழுத்துக்கொண்டு கூப்பிட்டார். வாத்தியாருடைய பேர், வெறும் பேர். நகரா விழுந்தது. வெள்ளைத் துப்பட்டிகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அசைந்ததை நான் பார்த்தேன்.

மேலத்தெரு வாத்தியாரை அவ்வளவு நாளும் நாங்கள் எம்புட்டுத் தப்பாக நினைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் வராமல் இருந்ததில்லை. அக்காவை அடுத்த வருஷமே மேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வரிசையை மனதில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தவள் அவள்தான் என்று பொட்டலில் ஒருத்தரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அதற்கடுத்த சந்தனக்கூட்டுக்கும் நான்தான் ஆடினேன், அதற்கடுத்ததற்கும். பேர் அப்படியே கூப்பிடப்பட்டது. சண்டை முடிந்து, மலேயாக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கினபோது, வாத்தியாரோடு ஒரே கடையில் இருந்த ஒருவர் ஊர் திரும்பினார். வாத்தியார் அங்கே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். அதுவும் எப்போது? சண்டை தொடங்கின முதல் வருஷத்திலேயே. நான் முதல்முதலாகப் பொட்டலில் இறங்கினபோதே அவர் இல்லை. பெரியதனக்காரர் சொன்னதுதான் நிஜமாக இருந்திருக்கிறது.

மாமி இத்தா இருந்து எழுந்தபிறகு அத்தா என்னைக் கூட்டிப்போனார். எனக்கு மீசை அரும்புகிற வயசு. இல்லாத மனுஷரை இருப்பதாகக் கூப்பிட வைத்து இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மாமி வெள்ளைச் சேலையில் இருந்தார். கை மொட்டையாக இருந்தது. அத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

“ஏன்டா மூஞ்சியை இப்புடி வச்சிருக்கே?” என்றார். “இவுக எல்லாரும் சொன்னபடி அப்பவே நான் இத்தாவுல உட்கார்ந்திருந்தா, அன்னைக்கே எனக்கு எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அம்புட்டு வருஷமும் வாசல்ல ஒரு செருப்புச் சத்தம் கேட்டா நான் எந்திரிச்சுப் பார்த்தேன்டா. நீ ஆடி, அதை எனக்கு வாங்கிக் குடுத்தே. எந்திரிச்சுப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறது எம்புட்டு நல்லாருந்துச்சு தெரியுமா.”